பெண்ணுறுப்பில் தீராத அரிப்பும் வெண்மையும்: லைக்கன் ஸ்கிளீரோசஸ் ஏன் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் தோல் நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும், குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி என்று, பெண்கள் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றி எல்லாரும் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: "எனக்கு ஏன் இது வந்தது?" அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் தோலைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

சிஸ்டர், லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

தோலில் வரும் நாள்பட்ட அழற்சி நோய். உடம்பில் எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்றாலும், பெரும்பாலும் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியிலும் ஆசனவாயைச் சுற்றியும்தான் வருகிறது. இரண்டு இடத்திலும் சேர்ந்து வந்தால் பார்ப்பதற்கு 8 என்ற எண்ணின் வடிவில் தெரியும். யோனியின் உட்புறத்தை இது பொதுவாகத் தொடுவதில்லை. பாதித்த தோல் வெளுத்து, மெலிந்து, ஆறிய பாலின் மேல் படியும் ஆடையைப் போலச் சுருக்கம் விழுந்திருக்கும். அரிப்புதான் முதல் தொல்லை. இரவில் படுத்ததும் அது கூடும். சொறிந்தால் தோல் கிழியும், ரத்தம் கட்டிய சிவப்புப் புள்ளிகள் தோன்றும்.

கவனிக்காமல் விட்டால் உள்ளிதழ்கள் மெல்லச் சுருங்கி வெளியிதழோடு ஒட்டிக்கொள்ளும். இதழ்களின் மேல்முனையில் உள்ள மொட்டின் (கிளிட்டோரிஸ்) மேல்தோல் மூடிக்கொள்ளலாம், யோனியின் வாசல் குறுகலாம். அந்தக் கட்டத்தில் தாம்பத்தியம் வேதனையாகிவிடும். பூப்பெய்தாத சிறுமிகளுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அதிகம் வரும். இடைப்பட்ட வயதிலும் வராமலில்லை. ஆண்களுக்கும் வரும், ஆனால் குறைவு. 1887-இல் பாரிஸில் ஹாலபோ என்ற தோல் மருத்துவர் முதன்முதலில் இதைப் பதிவு செய்தார். அமெரிக்காவில் ஒரு மகளிர் மருத்துவரின் மருத்துவகத்துக்கு வந்தவர்களை ஆராய்ந்தபோது ஏறக்குறைய 60 பெண்களில் ஒருவருக்கு இது இருந்தது. "எனக்கு மட்டும்தான்" என்று நினைக்கிறவர்களுக்காக இந்த எண்ணைச் சொல்கிறேன்.

வெள்ளையாக இருக்கிறதே, குஷ்டமா? என்னைக் கரிகிரிக்கு அனுப்பிவிடுவார்களா?

காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955 முதல் இருப்பதால், நம் பகுதியில் தோல் வெளுத்தாலே மனம் அங்கேதான் போகிறது. இது தொழுநோய் அல்ல. தொழுநோயின் தேமலில் உணர்ச்சி மங்கிப்போகும், அரிப்பு பொதுவாக இருக்காது. இந்த நோயில் அரிப்புதான் ஆளைக் கொல்லும். தொழுநோயே முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய நோய் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வெண்புள்ளி நோயோடு குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கிறது. வெண்புள்ளியில் தோலின் நிறம் மட்டும் போகும், மென்மை அப்படியே இருக்கும். இங்கே தோலின் அமைப்பே மாறிவிடுகிறது. ஆனால் ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருக்கலாம். அது ஏன் என்பது கீழே தைராய்டு பற்றிய கேள்வியில் வருகிறது.

என் கணவரிடமிருந்து தொற்றியதா? அவருக்குத் தொற்றிவிடுமா?

இரண்டும் இல்லை. இது பால்வினை நோய் அல்ல. உடலுறவாலோ, ஒரே கழிப்பறையாலோ, துணியாலோ பரவாது. இந்த ஒரு சந்தேகத்தால் குடும்பத்துக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோன வீடுகளை நான் அறிவேன். "ஒரு வருடமாக அவர் என்னோடு பேசுவதில்லை சிஸ்டர்" என்று சொன்ன பெண்ணுக்கு மருந்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டது, மருத்துவர் கணவரையும் உட்காரவைத்து இந்த விஷயத்தைச் சொன்னதுதான். தேவைப்பட்டால் நீங்களும் அப்படிக் கேளுங்கள். மருத்துவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சுத்தம் போதாமல் வந்ததா? நான் தினமும் நான்கைந்து முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேனே.

சுத்தக் குறைவால் இது வருவதில்லை. அளவுக்கு மீறிக் கழுவுவதால் கூடுகிறது. சோப்பு, டெட்டால், படிகாரத் தண்ணீர், வாசனைத் திரவங்கள் எல்லாமே ஏற்கெனவே நைந்த தோலை இன்னும் எரிச்சலூட்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை வெறும் தண்ணீர் போதும். சோப்பு இல்லாமல் மனம் ஒப்பவில்லை என்றால், மருத்துவர் எழுதித் தரும் நுரையில்லாத களிம்பைப் பயன்படுத்துங்கள். கழுவியபின் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

உடம்புச் சூட்டால்தான் என்று எங்கள் மாமியார் சொல்கிறார். வேலூர் வெயிலுக்கு வராமல் என்ன செய்யும்?

கத்திரி வெயிலில் அரிப்பு கூடுவது உண்மை. வியர்வையும் இறுக்கமான நைலான் உள்ளாடையும் சேர்ந்தால் யாருக்குமே அங்கே எரியும். ஆனால் வெயில் நோயை உண்டாக்குவதில்லை. நம் ஊரைவிடக் குளிரான நாடுகளில்தான் இந்த நோயைப் பற்றி மிக அதிகமாக எழுதியிருக்கிறார்கள். மாமியாரோடு வாதாட வேண்டாம். இளநீர், மோர், பருத்தி உள்ளாடை எதுவும் கெடுதல் செய்யாது. அவற்றை மட்டுமே மருந்தாக நம்பி மாதங்களைக் கடத்துவதுதான் கெடுதல்.

சுத்தமும் இல்லை, தொற்றும் இல்லை, சூடும் இல்லை. அப்படியானால் காரணம்தான் என்ன?

ஒரே ஒரு காரணம் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் எதுவுமே தெரியாத இருட்டிலும் நாம் இல்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் தோலையே தாக்குகிறது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். நோயுள்ள தோலை நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே வெள்ளை அணுக்கள், முக்கியமாக டி அணுக்கள், பட்டையாகக் குவிந்து நிற்பது தெரியும். அவை சுரக்கும் வேதிப் பொருள்கள் அழற்சியை மூட்டுகின்றன. அதன் தொடர்ச்சியாகக் கொலாஜன் என்ற தாங்கு நார் இழை இழையாக இல்லாமல் ஒன்றாகத் திரண்டு கண்ணாடி போலாகிறது. தழும்பு விழுவதும் இதழ்கள் சுருங்குவதும் இதனால்தான்.

2003-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். தோலின் கட்டமைப்பைச் சேர்த்துப் பிடிக்கும் ஈசிஎம்-1 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், இந்த நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரின் ரத்தத்தில் இருந்தன. நோயில்லாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே இருந்தன. அந்தப் புரதத்தைத் தேடிப் போனதற்கும் காரணம் உண்டு. ஈசிஎம்-1 மரபணு பிறவியிலேயே பழுதான ஓர் அரிய நோய் இருக்கிறது. அந்தக் குழந்தைகளின் தோலும் லைக்கன் ஸ்கிளீரோசஸ் தோலும் நுண்ணோக்கியில் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தெரிகின்றன.

இதன்மேல் மற்ற விஷயங்கள் சேர்கின்றன: குடும்ப வழி, ஹார்மோன் மாற்றம், உரசல், சிறுநீரின் ஈரம். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்போம். இவற்றில் எதையும் நீங்கள் வரவழைத்துக்கொள்ளவில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதென்றால், அதைச் சோதித்தே நோயைச் சொல்லிவிடலாமே?

நல்ல கேள்வி. இப்போதைக்கு முடியாது. மேலே சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது: நோயுள்ள நான்கில் ஒருவருக்கு அந்த எதிர்ப்பொருள் இல்லை, நோயில்லாத சிலருக்கு இருக்கிறது. அதை நம்பி முடிவு சொன்னால் இரு பக்கமும் தவறும். அந்த எதிர்ப்பொருள் நோயை உண்டாக்குகிறதா, இல்லை நோயால் தோல் சிதைந்த பிறகு உடம்பு அதை உற்பத்தி செய்கிறதா என்பதும் தீரவில்லை. பின்னதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே "ஈசிஎம் டெஸ்ட் எடுக்க வேண்டும்" என்று பணம் செலவழிக்க வேண்டாம். சாதாரண மருத்துவமனைகளில் அது செய்யப்படுவதும் இல்லை.

எனக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தைராய்டைத் தன்னுடம்பே தாக்கும் நோய், வெண்புள்ளி, தலையில் வட்டவட்டமாக முடி உதிர்வது, பி12 சத்தை உறிஞ்ச முடியாமல் வரும் ரத்தசோகை ஆகியவை இந்த நோயுள்ள பெண்களிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகின்றன. ஆய்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி இன்னொரு தன்னெதிர்ப்பு நோயும் இருந்திருக்கிறது. எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது தைராய்டு.

ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டுக்கும் அடியில் ஒரே விதமான எதிர்ப்பாற்றல் கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம். தைராய்டு அளவைச் சரிசெய்தால் தோல் நோயும் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி மருத்துவம் வேண்டும். தைராய்டு பார்க்காதவர்கள் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. களைப்பு, எடை ஏறுவது, முடி கொட்டுவது போன்றவை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காரணம் தேடி எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் பயன் உள்ளது தைராய்டுப் பரிசோதனைதான்.

என் அம்மாவுக்கும் அங்கே அரிப்பு இருந்தது, சொல்லாமலேயே போய்விட்டார். என் மகளுக்கும் வருமா?

குடும்ப வழியில் ஓரளவு சாய்வு இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் நோயாளிகளை விசாரித்த ஓர் ஆய்வில், நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குக் குடும்பத்தில் வேறொருவருக்கும் இந்த நோய் இருந்தது. எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் சில மரபணு வகைகள் நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதும் தெரிந்திருக்கிறது. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலானவர்களின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. இதற்கென்று மரபணுப் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

உங்கள் அம்மாவைப் போன்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை. "வயதானால் அப்படித்தான்" என்று எத்தனையோ பேர் இருபது, முப்பது ஆண்டுகள் இந்த அரிப்போடு வாழ்ந்து முடித்துவிட்டார்கள். மகளுக்கு நீங்கள் தரக்கூடிய ஒரே பாதுகாப்பு, அங்கே அரித்தால் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லலாம் என்ற தைரியம்தான்.

மாதவிடாய் நின்ற பிறகுதான் ஆரம்பித்தது. ஹார்மோன் குறைவா? ஹார்மோன் களிம்பு போடலாமா?

பூப்பெய்தும் முன்பும் மாதவிடாய் நின்ற பின்பும் இது அதிகம் வருவதால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைவுதான் காரணம் என்று வெகுநாள் நம்பினார்கள். ஆனால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இந்த நோயைக் குணப்படுத்துவதில்லை. குறைவுதான் காரணம் என்றால் ஈடுசெய்ததும் சரியாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் களிம்பையும் ஒரு காலத்தில் பரவலாகக் கொடுத்தார்கள். வெறும் வாசலினோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அதைவிட அது மேலாக இல்லை.

மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி தனிப் பிரச்சினை. அது இந்த நோயோடு சேர்ந்தே இருக்கலாம். அப்போது வறட்சிக்காக மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் கூடவே எழுதித் தருவார். இரண்டு களிம்புக்கும் வேலை வேறு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று போதும் என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

பிரசவத்தில் தையல் போட்ட இடத்தில்தான் முதலில் வெளுத்தது. தையலால் வந்ததா?

உங்கள் கவனிப்பு சரியாக இருக்கலாம். இந்த நோய்க்குச் சாய்வு உள்ள தோலில் காயமோ தழும்போ ஓயாத உரசலோ இருந்தால், அந்த இடத்தில் நோய் தலைகாட்டும். சொரியாசிஸ், வெண்புள்ளி ஆகியவற்றிலும் இதே குணம் உண்டு. ஆனால் தையல் போட்ட எல்லாருக்கும் இது வருவதில்லை. தையல் தூண்டிவிட்டிருக்கலாம், வேர் வேறு. பிரசவம் பார்த்தவர்கள்மேல் குற்றம் இல்லை.

இதே காரணத்தால்தான் சொறிவதை நிறுத்தச் சொல்கிறோம். சொறிவதும் ஒரு காயம், அது நோயை வளர்க்கும். சிறுநீர்க் கசிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசியும் பெண்களுக்குத் தோல் எப்போதும் ஈரத்திலேயே ஊறுகிறது. ஆண்களிடம் முன்தோலுக்குள் தேங்கும் சிறுநீர் இந்த நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. பிறந்தவுடன் சுன்னத் செய்யப்பட்ட ஆண்களுக்கு இது அரிதாகவே வருகிறது. பெண்களில் சிறுநீரின் பங்கு அவ்வளவு தெளிவாக இல்லை என்றாலும், கசிவு இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்குப் பயிற்சியும் மருத்துவமும் உண்டு.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அந்த ரசாயனமும் பாலாற்றுத் தண்ணீரும்தான் காரணமா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பெண்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. பாலாறும் நிலத்தடி நீரும் தோல் கழிவால் பட்ட பாடு நமக்கெல்லாம் தெரியும். ஆகவே சந்தேகம் வருவது நியாயம்தான். பதனிடப் பயன்படும் குரோமியம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கை, முன்கை, பாதம் என்று அது படும் இடங்களில் அரிப்பும் வெடிப்பும் வரும். ஆனால் லைக்கன் ஸ்கிளீரோசஸுக்குக் குரோமியமோ குடிநீரோ காரணம் என்று காட்டிய ஆய்வு இல்லை. தோல் தொழிற்சாலையே இல்லாத நாடுகளிலும் இதே நோய் இதே முகத்தோடு வருகிறது.

அதற்காக வேலையைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். ரசாயனம் பட்ட கையோடு கழிப்பறைக்குப் போவதால் அந்தரங்கத் தோலில் ஒவ்வாமையும் கூடச் சேரலாம். கழிப்பறைக்குப் போகும் முன்பே கையைக் கழுவுங்கள். மருந்து போட்டும் அரிப்பு அடங்காதவர்களுக்கு, முதுகில் சிறு பட்டைகள் ஒட்டிச் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனை உதவும்.

ஏதோ உண்ணிப் பூச்சிக் கிருமியால் வருகிறது என்று படித்தேன். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் போய்விடுமா?

நீங்கள் படித்தது பொரீலியா என்ற கிருமியைப் பற்றியதாக இருக்கும். ஐரோப்பாவில் சில ஆய்வுகளில் நோயுள்ள தோலில் அதன் தடயம் கிடைத்தது. வேறு பல ஆய்வுகளில், குறிப்பாக அமெரிக்காவில், கிடைக்கவில்லை. மனிதப் பாப்பிலோமா வைரஸையும் தேடிப் பார்த்தார்கள், அதுவும் காரணமாக நிலைக்கவில்லை. கிருமிக்காக ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது இதற்கான மருத்துவம் அல்ல.

பயாப்ஸி எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் காரணம் தெரிந்துவிடுமா?

பயாப்ஸி என்பது ஒரு துளித் தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை. அது "இது என்ன நோய்" என்று சொல்லும், "ஏன் வந்தது" என்று சொல்லாது. அனுபவம் உள்ள மருத்துவர் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ, தடிப்பு, ஆறாத புண், கட்டி இருந்தாலோ பயாப்ஸி அவசியம். சிறுமிகளுக்குப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

பயப்படுகிறவர்களுக்காக நடப்பதைச் சொல்கிறேன். மெல்லிய ஊசியால் மரத்துப்போக மருந்து போடுவார்கள், அது சில நொடி சுரீரென்று எரியும். மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் ஒரு துளித் தோலை எடுப்பார்கள். அப்போது அழுத்தம் தெரியும், வலி தெரியாது. ஒரு தையல் போடலாம், போடாமலும் விடலாம். அன்றே பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். இரண்டு மூன்று நாள் சிறுநீர் கழிக்கும்போது எரியும், அந்த நேரத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கழித்தால் எரிச்சல் குறையும்.

பயாப்ஸியில் "குறிப்பாக எதுவும் இல்லை" என்று வந்தது. ஆனால் மருத்துவர் அதே நோய்தான் என்கிறார். யாரை நம்புவது?

மருத்துவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆரம்ப கட்டத்தில் தோலில் மாற்றம் லேசாக இருப்பதால் பயாப்ஸியில் பிடிபடாமல் போகும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பு போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தாலும் அடையாளங்கள் மறைந்துவிடும். கடையில் வாங்கிய களிம்பு எதையாவது போட்டிருந்தால் பயாப்ஸிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், சில வாரம் நிறுத்திவிட்டு எடுப்பார்கள்.

பூஞ்சை என்று களிம்பு கொடுத்தார்கள். போட்டால் அடங்குகிறது, விட்டால் வருகிறது. ஏன்?

இந்த நோயின் கதையில் பாதி இதுதான். ஒரு குடியாத்தத்துப் பெண், பீடி சுற்றும் வேலை செய்கிறவர், மஞ்சள் பை நிறையத் தீர்ந்த களிம்புக் குழாய்களைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். ஒவ்வொன்றையும் அடிவரை சுருட்டிப் பிதுக்கியிருந்தார். எடுத்துப் படித்தால் பெரும்பாலானவை ஒரே வகை: பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த களிம்பு. அதிலுள்ள ஸ்டீராய்டால் அரிப்பு சில நாள் அடங்கும். பூஞ்சைதான் என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். நிறுத்தியதும் திரும்ப வரும். இப்படியே ஆண்டுகள் ஓடும், உள்ளே தழும்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. இருந்தும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

பூஞ்சையில் பெரும்பாலும் தயிர் போன்ற வெள்ளைப்படுதல் இருக்கும், சரியான மருந்துக்கு அது போய்விடும். மாதவிடாய் நின்று, சர்க்கரை நோயும் இல்லாத பெண்ணுக்குத் திரும்பத் திரும்பப் "பூஞ்சை" வருகிறது என்றால், வேறு நோயா என்று ஒருவர் விளக்கைப் போட்டு நேரில் பார்க்க வேண்டும். பார்க்காமலேயே எழுதித் தரும் சீட்டை ஏற்காதீர்கள்.

காரணமே தெரியாது என்கிறீர்கள். பிறகு எதற்கு மருந்து கொடுக்கிறீர்கள்?

தீ எப்படிப் பிடித்தது என்பது முழுதாகத் தெரியாவிட்டாலும், எரிவது அழற்சி என்பது தெரியும். அதை அடக்க வீரியமான ஸ்டீராய்டு களிம்பு நன்றாக வேலை செய்கிறது. குளோபெட்டசால் 0.05 சதவீதம் என்ற களிம்புதான் உலகெங்கும் முதல் மருந்து. வழக்கமான முறை: முதல் மாதம் தினமும் இரவு ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இரு முறை. விரல் நுனியில் பிதுக்கும் அளவு, சுமார் அரை கிராம், ஒரு வேளைக்குப் போதும். 30 கிராம் குழாய் ஒன்று மூன்று மாதம் வரும். அதன்பிறகு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பலருக்கு நீண்ட காலம் தொடர வேண்டியிருக்கும்.

எந்த இடத்தில் போடுவது என்று தெரியாமல் தொடையிடுக்கில் தடவிக்கொண்டு "மருந்து கேட்கவில்லை" என்பவர்கள் பலர். சிறு கண்ணாடியைக் கையில் பிடித்து, வெளுத்த இடம் எது என்று மருத்துவரையோ செவிலியரையோ ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு என்றாலே தோல் மெலியும் என்கிறார்களே?

முகத்திலோ தொடையிலோ கண்டபடி போட்டால் மெலியும். இங்கே தோலை மெலியச் செய்துகொண்டிருப்பது நோய். சொன்ன இடத்தில் சொன்ன அளவு போட்டு, குறித்த நாளில் போய்க் காட்டிக்கொண்டிருந்தால் பயமில்லை. குழாயோடு வரும் தாளில் "பிறப்புறுப்பில் போடக் கூடாது" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை பொதுவானது. இந்த நோய்க்கு மருத்துவர் தெரிந்தேதான் எழுதுகிறார்.

இது புற்றுநோயாக மாறுமா?

மறைக்க விரும்பவில்லை. மருத்துவம் செய்யாமல் விட்டால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்குப் பெண்ணுறுப்பின் தோலில் புற்றுநோய் வரலாம். ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், களிம்பை ஒழுங்காகப் போட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் வரவில்லை. விட்டு விட்டுப் போட்டவர்களில் 4.7 சதவீதம் பேருக்குப் புற்றுநோயோ அதன் முன்னிலையோ வந்தது. அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்தக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஆறாத புண், தடித்த திட்டு, கட்டி, காரணமில்லாத ரத்தக் கசிவு தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

என் ஏழு வயது மகளுக்கு அங்கே ரத்தப் புள்ளிகள் இருக்கின்றன. யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் பேசுகிறார்கள்.

சிறுமிகளுக்கு இந்த நோய் வரும்போது தோல் கிழிந்து ரத்தம் கட்டுவதால், பாலியல் வன்முறையின் அடையாளம் என்று தவறாக எண்ணப்படுவது எல்லா நாடுகளிலும் நடக்கிறது. மலச்சிக்கலும் சிறுநீர் கழிக்கப் பயமும் இருந்தால் இந்த நோயையும் நினைக்க வேண்டும், வலியால் குழந்தை அடக்கிக்கொள்கிறது. ஆனால் ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகிவிடாது. குழந்தை எதையாவது சொன்னாலோ, யாரையாவது கண்டு அஞ்சினாலோ அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். முதல் வேலை தோல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுவது. குழந்தைகளுக்கும் மேலே சொன்ன களிம்புதான், மருத்துவர் சொல்லும் அளவில். பூப்பெய்தும்போது பலருக்குக் குறையும். போய்விட்டது என்று நினைத்துப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரேயடியாகக் குணமாகுமா? ஆய்வு எந்த அளவில் இருக்கிறது?

டி அணுக்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் வேதிச் செய்தியைத் தடுப்பது இப்போதைய முயற்சிகளில் ஒன்று. ஜானஸ் கைனேஸ் என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகள், வட்டவட்டமாக முடி உதிர்வதற்கும் வெண்புள்ளிக்கும் ஏற்கெனவே பயன்படுபவை, இந்த நோயிலும் சோதிக்கப்படுகின்றன. லேசர், ரத்தத் தட்டணு ஊசி என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவை களிம்புக்கு மாற்று என்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை. கடன் வாங்கி அவற்றுக்குப் போகும் முன் தோல் மருத்துவர் ஒருவரைக் கேளுங்கள். ஒட்டிப்போன இதழ்கள் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே எந்தப் புது மருந்து வந்தாலும் இன்றைக்குத் தோலைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கே அதனால் முழுப் பயன் கிடைக்கும்.

எங்கே போய்க் காட்டுவது? ஆண் மருத்துவராக இருந்தால் என்னால் முடியாது.

தோல் நோய்ப் பிரிவுக்கோ மகளிர் நோய்ப் பிரிவுக்கோ போகலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இரண்டு பிரிவுகளும் உண்டு. பெண் மருத்துவர் வேண்டும் என்று சீட்டுப் பதியும் இடத்திலேயே கேளுங்கள். யார் பார்த்தாலும் பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. "கீழே அரிப்பு" என்று மட்டும் சொன்னால் வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடக்கூடும். "தோல் வெளுத்திருக்கிறது, இரவில் அரிக்கிறது, வெடிக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுங்கள். இதுவரை போட்ட களிம்புகளின் குழாய்களை, காலியாக இருந்தாலும், பையில் போட்டு எடுத்துப் போங்கள்.